டிசைன் முடிந்தது, ஃபைல் எங்கே?

திருப்பூர் வட்டாரத்துப் பிரிண்டிங் யூனிட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. புது டிசைன் வந்தால் முதலில் ஒரு துண்டுத் துணியில் அடித்துப் பார்ப்பார்கள். ஸ்ட்ரைக்-ஆஃப் என்று அதற்குப் பெயர். அந்தத் துண்டை ஓர் அட்டையில் ஒட்டி, ஸ்டைல் நம்பர், துணியின் ஜிஎஸ்எம் எடை, எத்தனை கலர், ஒவ்வொரு கலருக்கும் பான்டோன் எண், என்ன வகை மை, என்றைக்கு அடித்தது என்று எல்லாவற்றையும் எழுதுவார்கள். மெர்ச்சண்டைசர் அதைப் பையருக்கு அனுப்புவார். சிவப்பு கொஞ்சம் இறங்க வேண்டும், ஓரம் பிசிறடிக்கிறது என்று குறிப்போடு திரும்பி வரும். மறுபடி அடிப்பார்கள். கடைசியில் 'அப்ரூவ்ட்' என்று கையெழுத்து விழுந்த துண்டை வைத்துக்கொண்டுதான் ஆயிரக்கணக்கில் பீஸ் ஓடும். தள்ளுபடியான துண்டுகளையும் தூக்கிப் போட மாட்டார்கள். நாளைக்கு ஒரு தகராறு என்றால் எடுத்துக் காட்ட வேண்டுமே!

கிராஃபிக் டிசைன் படிக்கும் பிள்ளைகள் தங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை எப்படிப் பதிவு செய்து எடுத்துக் காட்டுவது என்று கேட்டால், பொங்கலூரில் இருக்கும் ஒரு பிரிண்ட் டிசைனர் பேச்சுக்கு முன்னால் இந்த அட்டை ஒன்றைத்தான் மேஜையில் எடுத்துப் போடுகிறார்.

பல்லடம் தாண்டி காங்கயம் போகும் சாலையில் இருக்கிறது பொங்கலூர். பரம்பிக்குளம் – ஆழியாறு வாய்க்கால் பாயும் ஊர். சின்ன வெங்காயமும் கோழிப் பண்ணையும் ஒரு பக்கம், விசைத்தறியும் பனியன் ஜாப் ஒர்க்கும் இன்னொரு பக்கம். அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. பையர் அனுப்பிய படத்தின் மேல் ட்ரேசிங் ஃபிலிம் விரித்து, ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியாகக் கையால் வரைந்து பிரிப்பதுதான் வேலை. அதன்பிறகு கோரல்டிரா, ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் எல்லாம் வந்தன. இன்று அவர் வரைவதைவிடப் பார்ப்பது அதிகம். ஏற்றுமதிக் கம்பெனிகள் டிசைனர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது போர்ட்ஃபோலியோ பார்க்க அவரைக் கூப்பிடுகிறார்கள். ஏற்றுமதியாளர்கள் சங்கமே முன்னின்று 1997இல் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரி முதலிபாளையத்தில் இருக்கிறது. கோவையிலும் சென்னையிலும் கல்லூரிகள். கோடை வந்துவிட்டால் போதும், அங்கெல்லாம் படிக்கும் பிள்ளைகள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்துவிடுகிறார்கள்.

வரும் ஃபைல்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு. முதல் பக்கத்தில் பெயர். இரண்டாம் பக்கத்தில் படங்களை வெட்டி ஒட்டிய மூட் போர்டு. அடுத்து கலர் பேலட். அடுத்து நேராக முடிவுக்குத் தாவி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாக்-அப்பில் வெளிநாட்டு இளைஞன் ஒருவன் மாணவரின் டிசைன் போட்ட டி-சர்ட்டை மாட்டிக்கொண்டு நிற்பான். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பையன் போட்டிருப்பது துணியே இல்லை. அச்சில் என்ன ஆனது, எங்கே சிக்கியது, எதை மாற்றினார்கள் என்ற ஒரு தகவலும் அதில் கிடையாது. வேலை கொடுப்பவருக்கு வேண்டியதோ அந்தத் தகவல்தான். அழகாக வரையத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். மெஷினுக்கும் மைக்கும் துணிக்கும் பதில் சொல்லத் தெரிந்தவர் யார் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் ஃபைலைப் புரட்டுகிறார்கள்.

அவர் அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஒரு ப்ராஜெக்ட் உண்டு. தமிழ் எழுத்துகளை வைத்து டி-சர்ட் வரிசை ஒன்று செய்திருந்த மாணவி. ஃபைலில் எல்லாம் பளிச்சென்று இருந்தன. பேசிக்கொண்டிருக்கும்போது பையில் துணித் துண்டுகள் துருத்திக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார்.

"அது என்ன கண்ணு பைக்குள்ள?"

"அது வேஸ்ட்டுங்க சார். சரியா வராத பிட்டுங்க."

"எடு, பாக்கலாம்."

மேஜையில் வரிசையாக விரித்தார்கள். முதல் துண்டில் 'ண'வின் சுழிகள் மூன்றும் மையில் அடைத்துக்கொண்டு மூன்று கருப்புப் பொட்டுகளாக இருந்தன. ரப்பர் பிரிண்ட்டில் மை தடிமனாக உட்காரும். சிங்கிள் ஜெர்சி துணி இழுபடும். சின்ன அளவில் சுழி தாங்காது. இரண்டாம் துண்டில் எழுத்தைப் பெரிதாக்கியிருந்தாள். சுழி திறந்தது, ஆனால் சொல் நெஞ்சுப் பகுதியை விட்டு வெளியே ஓடியது. மூன்றாம் துண்டில் அளவைக் குறைத்து, சுழியின் உள்வெளியை மட்டும் வேண்டுமென்றே அகட்டி வரைந்து, நெருக்கமான மெஷ் உள்ள ஸ்க்ரீனில் அடித்திருந்தாள். திரையில் பார்த்தால் அந்த 'ண' கொஞ்சம் விகாரமாகத் தெரியும். துணியில் அடித்தால் மை பரவி, சரியான எழுத்தாகிவிடுகிறது. நான்காவது துண்டுதான் ஃபைலில் இருந்த இறுதி டிசைன்.

அவள் செய்த டிசைன் வேலை முழுவதும் அந்த 'வேஸ்ட்' பிட்டுகளில்தான் இருந்தது. ஃபைலில் இருந்தது அதன் விளைவு. நான்கு துண்டுகளையும் ஒரே அளவில் வெட்டி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதி, ஒரே விரிப்பில் போடச் சொன்னார். மூட் போர்டை எடுத்துவிடச் சொன்னார். அந்த ஒரு விரிப்பு முப்பது பக்க ஃபைலைவிடக் கனமானது என்பது அவர் கணிப்பு. இந்தக் கட்டுரையாளரின் எண்ணமும் அதுவே.

பதிவு என்பதை ப்ராஜெக்ட் முடிந்தபிறகு செய்யும் தனி வேலையாக நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. முடிந்தபிறகு உட்கார்ந்தால் கையில் கிடைப்பது இறுதி ஃபைல் மட்டும். முதல் கிறுக்கல் எந்த நோட்டிலோ இருக்கும். இடையில் செய்த மாற்றங்கள் ஒரே ஃபைலின் மேல் திரும்பத் திரும்பச் சேமிக்கப்பட்டு அழிந்திருக்கும். ஸ்க்ரீனைக் கழுவி அடுத்த வேலைக்கு எக்ஸ்போஸ் செய்திருப்பார்கள். யூனிட்டில் ஸ்ட்ரைக்-ஆஃப் அட்டையை அன்றன்றைக்கே எழுதிவிடுவதற்குக் காரணம் ஒழுக்கம் மட்டுமில்லை. மறுநாள் கேட்டால் எந்த மை எந்த விகிதம் என்று யாருக்கும் நினைவிருக்காது. மாணவரும் அன்றைக்கே தேதி போட்டு ஒரு படம் எடுத்து, ஒரு வரி எழுதி வைத்தால் போதும். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன். அழகான வாக்கியம் தேவையில்லை.

படம் எடுப்பதில் அவர் மிகக் கறார். யூனிட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்த படத்தில் வெள்ளைத் துணி நீலம் பாய்ந்து நிற்கும், மெரூன் காவியாகிவிடும். பான்டோன் டிசிஎக்ஸ் எண் என்பது சாயமேற்றிய பருத்தித் துணியில் வரும் நிறத்துக்கான அடையாளம். அதைப் பக்கத்தில் எழுதிவிட்டு, மேலே வேறு நிறத்தில் படம் இருந்தால் பார்ப்பவர் எதை நம்புவார்? கம்பெனிகளில் இதற்காகவே லைட் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு துண்டுகள் அடுத்த விளக்கில் வேறு வேறாகத் தெரிவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. மாணவரிடம் லைட் பாக்ஸ் இருக்காது. வெயில் நேராக விழாத வாசல் திண்ணை இருக்கும். காலை வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து எடுத்தால் பிறகு அந்தத் தாளை வைத்தே நிறத்தைத் திருத்திக்கொள்ளலாம். பஃப் பிரிண்ட் மாதிரி மேலே உப்பி நிற்கும் அச்சுக்கு மட்டும் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். நேர் வெளிச்சத்தில் அந்த உப்பல் தெரியாது. டி-சர்ட்டை அயர்ன் செய்யாமல் படம் எடுத்து வருபவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இன்னொன்று, கல்லூரிகளில் அதிகம் பேசப்படாதது. செலவைப் பார்த்து எல்லா சைஸுக்கும் ஒரே ஸ்க்ரீன், மிஞ்சினால் இரண்டு ஸ்க்ரீன் போடுவதுதான் பல யூனிட்டுகளின் நடைமுறை. மீடியத்தில் நெஞ்சை நிறைத்து நிற்கும் டிசைன் டபுள் எக்ஸ்எல்லில் நடுவே சுருங்கிப்போய்க் கிடக்கும். மாக்-அப்பில் எப்போதும் மீடியம்தான். சின்ன சைஸ் ஒன்று, பெரிய சைஸ் ஒன்று என இரண்டு டி-சர்ட்டை அருகருகே வைத்து எடுத்த ஒரே ஒரு படம் ஃபைலில் இருந்தால், இந்தப் பிள்ளை ஃபேக்டரிக்குள் கால் வைத்திருக்கிறது என்பது உடனே புரிந்துவிடும்.

பொருளின் மேல் வைத்துக் காட்டுவது என்ற இந்த விஷயத்துக்கு உலகறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 1971இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் மாணவியாக இருந்த கரோலின் டேவிட்சன், அங்கே கணக்கியல் கற்பித்த ஃபில் நைட்டின் ஷூ கம்பெனிக்காகச் சின்னம் வரைந்தார். ஷூவின் படத்தை வரைந்து வைத்துக்கொண்டு, அதன் மேல் மெல்லிய டிஷ்யூ தாளை விரித்து ஒவ்வொரு யோசனையையும் போட்டுப் பார்த்தாராம். காட்டிய சின்னங்கள் எதுவும் நைட்டுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. காலக்கெடு நெருங்கியதால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கூலி 35 டாலர். அதுதான் நைக்கியின் ஸ்வூஷ். 1983இல் கம்பெனி டேவிட்சனுக்கு மோதிரமும் பங்குகளும் கொடுத்துக் கௌரவித்தது. வெள்ளைத் தாளில் அந்த வளைவு ஒன்றுமே இல்லை. ஷூவின் பக்கவாட்டில் வைத்தபோதுதான் அதற்கு வேகம் வந்தது. மாணவர் எதற்காகச் சின்னம் வரைந்தாரோ அந்தப் பொருளின் மேல் அது எப்படி உட்காருகிறது என்பதைக் காட்டாமல் தீர்ப்புக் கேட்பது நியாயமில்லை.

நம் பக்கத்து உதாரணமும் சளைத்ததல்ல. கள்ளக்குறிச்சிக்காரரான டி. உதயகுமார் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை முடித்து, ஐஐடி பம்பாயின் ஐடிசி டிசைன் பள்ளிக்குப் போனார். முதுகலை மாணவராக இருந்தபோதே 'பராசக்தி' என்ற தமிழ் எழுத்துருவை வடிவமைத்தார். தமிழ் எழுத்துருவியலிலேயே முனைவர் ஆய்வும் செய்தார். 2009இல் மத்திய அரசு ரூபாய்க்குச் சின்னம் கேட்டு அறிவித்த போட்டியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து குவிந்தன. அதில் ஐந்து இறுதிக்குத் தேர்வாகி, 2010 ஜூலை 15 அன்று உதயகுமாரின் சின்னத்தை அமைச்சரவை ஏற்றது. சின்னத்தின் அழகு ஒருபுறம் இருக்கட்டும். அதற்கு அவர் தந்த விளக்கத்தைப் பாருங்கள். தேவநாகரியின் 'ர', ரோமன் 'ஆர்', மேலே தலைக்கோடு, இரண்டு கோடுகளுக்கு நடுவே வெண்மை விட்டதில் மூவர்ணக் கொடி. அவ்வளவுதான். அன்றைக்குச் செய்தித்தாள் படித்த பள்ளிப்பிள்ளை மறுநாள் வகுப்பில் பிசகாமல் திருப்பிச் சொல்ல முடிந்தது. டிசைனர் பக்கத்தில் இல்லாதபோதும் டிசைனுக்காகப் பேசும் விளக்கம் அது. பத்துப் பக்கம் எழுதி 'எக்ஸ்ப்ளோரேஷன்', 'ஜர்னி' என்று தலைப்புப் போட்டவர்கள், தங்கள் டிசைனை இந்த நீளத்துக்குள் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில் இருக்காது, டிசைனில் இருக்கும்.

1969இல் தொடங்கிய ஐடிசியிலும், 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியிலும் இறுதி ப்ராஜெக்ட்டை அறிக்கையாக எழுதி நூலகத்தில் ஒப்படைக்கும் பழக்கம் இருக்கிறது. பின்னால் வரும் மாணவர் முன்னவரின் தோல்விகளையும் சேர்த்துப் படிக்க முடிகிறது. நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் வைவா முடிந்த மாதமே ஸ்பைரல் பைண்டிங் ஃபைல்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. வருத்தமான விஷயம் இது. தூக்கிப் போடாமல் விட்ட பதிவு பின்னால் எப்படி உதவும் என்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். நியூயார்க் சுரங்க ரயிலின் அறிவிப்புப் பலகைகளுக்காக மாசிமோ விக்னெலியும் பாப் நூர்டாவும் 1970இல் தயாரித்த கையேடு ஒன்று 2012இல் ஒரு டிசைன் அலுவலகத்தின் அடித்தளத்தில் கிடந்து கிடைத்தது. அதைப் பார்த்த இளைஞர்கள் இருவர் மறுபதிப்பே கொண்டுவந்துவிட்டார்கள். எழுத்தின் அளவு, அம்புக்குறியின் கோணம், பலகை தொங்கும் உயரம் என்று வெறும் வேலைக்குறிப்புகள்தான் அதில். நாற்பது ஆண்டு கழித்தும் அதை வைத்துப் பலகை செய்யலாம்.

தமிழில் டிசைன் செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வினை காத்திருக்கிறது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டிய ஃபைலை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். யூனிகோடில் தட்டினாலும், இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான கம்போஸரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கும். நேர்காணல் அறையில், அடுத்தவர் லேப்டாப்பில், இது நடந்து பிள்ளைகள் வெலவெலத்துப் போவதைப் பொங்கலூர் டிசைனர் பலமுறை பார்த்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் மூன்று வடிவங்கள் இருக்க வேண்டும் என்கிறார். திருத்தக்கூடிய மூல ஃபைல், எழுத்தையெல்லாம் அவுட்லைனாக மாற்றிய நகல், எங்கேயும் திறக்கும் பிடிஎஃப். அவுட்லைன் நகல் மட்டும் வைத்திருந்தால் ஒற்றுப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. கூடவே எழுத்துருவின் பெயரும் உரிமமும். கேட்பார்கள். பையர் கம்பெனிகளுக்கு அது வழக்கு வரைக்கும் போகக்கூடிய சமாச்சாரம்.

உரிமை என்று வந்ததால் இன்டர்ன்ஷிப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனியில் பயிற்சிக்குப் போன மாணவர் அங்கே செய்த வேலையை ஃபைலில் சேர்க்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அடுத்த சீசனுக்கான டிசைன் கடைக்கு வருமுன்னே வெளியே தெரிந்தால் கம்பெனி ஆர்டரையே இழக்க நேரிடும். எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு படம்கூடப் போடக் கூடாது என்பது அவர் வைத்திருக்கும் கோடு. அனுமதி கிடைக்காதபோது பையர் பெயர், லேபிள், ஸ்டைல் நம்பர் எதுவும் இல்லாமல், அங்கே கற்ற வேலைமுறையைத் தானே வரைந்த வேறொரு டிசைனில் செய்து காட்டலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. போட்டிக் கம்பெனியின் ரகசியத்தைத் தன்னிடம் காட்டும் மாணவர், நாளைக்குத் தன் ரகசியத்தையும் காட்டுவார் என்று எந்த முதலாளிக்கும் தோன்றத்தான் செய்யும்.

அதேபோல யார் எதைச் செய்தார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். கலர் செபரேஷன் போட்டவர் ஒருவர், ஸ்குவீஜி பிடித்த பிரிண்டிங் மாஸ்டர் ஒருவர், தைத்தவர் ஒருவர். அவர்களின் பங்கை ஒரு வரியில் குறிப்பிட்டால் மாணவரின் மதிப்பு குறையாது. எந்த வேலையை யாரிடம் கேட்டு வாங்கத் தெரிந்திருக்கிறது என்பது வெளிப்பட்டு, கூடத்தான் செய்யும்.

பிறகு நேரில் காட்டுவது. இங்கே பொங்கலூர்க்காரரின் அனுபவம் கொஞ்சம் மனத்தைத் தொடும். தமிழ்வழியில் படித்து டிசைன் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் ஜூரிக்காக ஆங்கிலத்தில் ஒரு உரையை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு கேள்வி விழுந்தால் மொத்தமும் அறுந்துவிடும். அவர்களிடம் அவர் சொல்வது: "பிரிண்டிங் மாஸ்டர்கிட்ட நீ எப்படிப் பேசுன? 'அண்ணா, இந்தச் சுழி அடைக்குதுங்ண்ணா, என்ன பண்ணலாம்'னுதான? அதையே இங்கயும் சொல்லு." அந்தப் பேச்சில் பிரச்சினை இருக்கிறது, கேள்வி இருக்கிறது, முடிவும் தானாக வந்துவிடும். ஆங்கிலம் தேவைப்படும் இடத்தில் அதே பேச்சைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் சொல்லலாம். தடுமாறினாலும் சொந்த விஷயம் என்பதால் மீண்டு வந்துவிடுவார்கள்.

கிடைப்பது பத்து நிமிடம் என்றால், முதல் நிமிடத்திலேயே துணியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். திருப்பூரில் துணியைக் கையில் வாங்கியவர் தடவிப் பார்க்காமல் இருக்க மாட்டார். இழுப்பார், திருப்பி உட்பக்கம் பார்ப்பார், அச்சை நகத்தால் சுரண்டுவார். அப்படியே கேள்விகள் பிறக்கும். எத்தனை வாஷ் தாங்கியது? என்ன சூட்டில் க்யூரிங் கொடுத்தாய்? சலவைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு துண்டுகள் கையோடு இருந்தால் பதிலைத் துணியே சொல்லிவிடும். ஸ்லைடு ஷோவைக் கடைசியில் காட்டினாலும் போதும். காட்டாமல் விட்டாலும் நட்டமில்லை என்பது அவர் கருத்து.

எல்லா ப்ராஜெக்ட்டையும் காட்ட வேண்டும் என்ற ஆசையையும் அவர் ஏற்பதில்லை. நான்கு வருடத்தில் செய்த பயிற்சிகள் அனைத்தையும் ஒரே ஃபைலில் திணித்து வருபவருக்கு எது நல்ல வேலை என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்றே பொருளாகும். முழுமையாகப் பதிவு செய்த இரண்டு ப்ராஜெக்ட் போதும். மற்றவை வீட்டில் பத்திரமாக இருக்கட்டும், கேட்டால் கொண்டுபோகலாம்.

கடைசியாக, பிரிண்டிங் யூனிட்டும் ஏற்றுமதிக் கம்பெனியும் நடத்துகிறவர்களுக்கு அவர் சார்பில் ஒரு வேண்டுகோள். பயிற்சி முடித்துக் கிளம்பும் பிள்ளைக்கு லெட்டர்பேடில் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறீர்கள். அதோடு, அந்தப் பிள்ளை கைவைத்த டிசைனின் ஸ்ட்ரைக்-ஆஃப் துண்டு ஒன்றையும், சீசன் முடிந்தபிறகு இதை வெளியே காட்டிக்கொள்ளலாம் என்று தேதியிட்ட ஒரு வரியையும் சேர்த்துக் கொடுங்கள்.